கிராம்பெண்ணெய் கேட்ட கத்தி

அத்தியாயம் 4

கத்தி இல்லாத பெட்டியை ஜெபசீலன் சார் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல மேஜைமேல் வைத்தார்.

"தொறந்து பாருங்க மக்ளே. உள்ள ஒண்ணும் இல்ல. ஆனாலும் பாருங்க."

ஜெனிலா திறந்தாள். நைந்துபோன சிவப்பு வெல்வெட். நடுவில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பள்ளம். சுற்றிலும் நிறம் வெளுத்திருக்க, கத்தி கிடந்த அந்த இடம் மட்டும் புதுச் சிவப்பாக இருந்தது.

பக்கத்தில் நின்ற ததேயுஸ் எட்டிப் பார்த்தார். "நல்ல கள்ளன். பெட்டிய வச்சிட்டுப் போயிருக்கான். சுமக்க மடி பிடிச்ச சோம்பேறி போலிருக்கு."

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க."

ததேயுஸ் சும்மா இருக்கும் வகை அல்ல. பஹ்ரைனில் பதினெட்டு வருஷம் ஒரு அரபிக்குக் கார் ஓட்டியவர். அங்கே வாயைத் திறக்க முடியாமல் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம், ஜெனிலாவின் சின்ன துப்பறியும் அலுவலகத்தில் டிரைவராகவும் உதவியாளாகவும் சேர்ந்தபிறகு ஒவ்வொரு நாளும் செலவழித்துக்கொண்டிருந்தார்.

கத்தியின் படத்தை சார் எடுத்துக் கொடுத்தார். ஜெனிலா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். சென்னையில் ஒரு அருங்காட்சியகத்தில் பதினோரு வருஷம் பழம்பொருட்களுக்குக் குறிப்பு எழுதியவள் அவள். யானைத் தந்தப் பிடி. நுனியில் சுருண்டு வளைந்த இலை. பிடியை ஒட்டி, இரும்பில் பதித்த வெள்ளிக் கொடி. வெள்ளித் தகடு போர்த்திய உறை. அதன் ஓரத்தில் ஒரு சின்னத் துளை. துளைக்குள் செருகிய மெல்லிய எழுத்தாணி. ஓலையை நறுக்கக் கத்தி, எழுத ஆணி. இரண்டும் ஒரே உறையில்.

"கண்டிப் பட்டறை. பதினேழாம் நூற்றாண்டு. இது சண்டைக்கு இல்ல சார், மரியாதைக்கு இடுப்பில சொருகுறது."

கிழவரின் முகத்தில் விளக்கேற்றியது போலிருந்தது. "அப்படிச் சொல்லுங்க! எங்க ஆளுங்க மிளகு யாவாரம். டச்சுக்காரன் கப்பல்ல இலங்கைக்குப் போயி வந்த ஒருத்தரு கொண்டாந்ததா சொல்லுவாங்க. சொல்லுகதுதான், எழுத்து ஒண்ணும் கிடையாது. இருங்க, டீ போட்டுட்டு வாறேன். இந்தப் பிடியில இருக்க இலைய பத்தி உங்ககிட்ட சொல்லணும்."

அவர் சமையலறைக்குள் போனார். ஐப்பசி மழை ஓட்டின்மேல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. இரணியல் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் ரயிலின் சத்தம் மழைக்குள் அமுங்கிக் கேட்டது. பெரிய வீடு. மகன் கனடாவில், மகள் துபாயில். இரண்டு பேரும் சுவரில் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஜாஸ்பின் ஏழு வருஷத்துக்கு முன் இறந்துபோய்விட்டாள். அவளுடைய அறை மட்டும் பூட்டாமல், ஆனால் இறுகச் சாத்தியிருந்தது.

"அது எங்க வீட்டுக்காரி ரூமு. தொறக்குறதில்ல," என்று வரும்போதே சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். பதினோரு நாளுக்கு முன் கத்தி காணாமல் போனதாக சார் போலீசில் எழுதிக் கொடுத்தார். பூட்டு உடையவில்லை. வீட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம். இன்னொன்று ஆறு வருஷமாக அந்த வீட்டைப் பார்த்துக்கொண்ட சபிதாவிடம். கடியப்பட்டணத்துக்காரி, கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள், ஒரே மகள் நர்சிங் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை சபிதா குவைத்துக்கு விமானம் ஏற வேண்டும், ஒரு வீட்டில் வேலைக்கு. புகார் முடிந்துவிட்டது என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு தாள் இன்று மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால், அவளுடைய இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

நேற்று ஜெனிலாவைத் தேடி வந்தது சபிதாதான். அழவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

இப்போது மணி பத்தரை.

சார் தட்டில் டீ கொண்டு வந்தார். மூன்று பேருக்கு நான்கு டம்ளர். மேஜையில் வைத்த பிறகுதான் நான்காவதைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ததேயுஸ் வாயைத் திறந்தார். ஜெனிலா அவர் காலை மிதித்தாள். அம்மா இறந்த பிறகு மூன்று மாதம் அவளும் காலையில் இரண்டு டம்ளர்தான் கழுவி வைத்தாள். அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

திரும்பி வந்தவர் ஒரு பலகார டப்பாவை நீட்டினார். "முந்திரிக்கொத்து. யாராவது வந்தா குடுக்கலாம்னு வாங்கி வச்சது. நல்லா எடுங்க."

ததேயுஸ் ஒன்றைக் கடித்தார். கடித்தபடியே நின்றார். "மேடம், இது முந்திரிக்கொத்தா, டச்சுக்காரன் விட்டுட்டுப் போன பீரங்கிக் குண்டா? பத்திரமா வைங்க சார், இதுக்கும் முந்நூறு வயசு இருக்கும்."

சார் குலுங்கிச் சிரித்தார். "நான் எப்படிக் கண்டேன்! எனக்கு மேலயும் கீழயும் செட்டுல்லா. சொந்தப் பல்லு ஒண்ணு கிடையாது. நான் தின்னு பாக்கல மக்ளே."

"சார்," என்றாள் ஜெனிலா, "சபிதாதான் எடுத்தாள்னு நினைக்கிறீங்களா?"

சிரிப்பு நின்றது. அவர் மழையைப் பார்த்தார். "நான் அப்படி எழுதல. சாவி ரெண்டு உண்டுன்னு மட்டுந்தான் எழுதினேன்."

"கத்திக்குக் கடைசியா எப்ப எண்ணெய் போட்டீங்க?"

"போன மாசம் முதல் சனிக்கிழமை. மாசா மாசம் முதல் சனிக்கிழமை. கிராம்பெண்ணெய்தான். எங்க அப்பா காலத்துப் பழக்கம்." அலமாரியில் நின்ற பழுப்பு பாட்டிலைக் காட்டினார். அது காலி. "சபிதா துணிய நனைச்சுத் தருவா. நான் துடைப்பேன். அவ உறைய துடைப்பா. ஒரு மணிக்கூறு பேசிட்டே இருப்போம்."

*

காரில் ஏறியதும் ததேயுஸ் கேட்டார்: "எங்க மேடம்? கோட்டாறு ஆன்றோ கடைக்குத்தானே? பழைய சாமான் விக்கிற ஆளு. மூணு வருஷமா அந்தக் கத்திய கேட்டுக் கேட்டு நடந்தானாம்."

"கோட்டாறுதான். ஆனா ஆன்றோ கடைக்கு இல்ல. கிராம்பெண்ணெய் விக்கிற கடைக்கு."

"கள்ளனுக்குப் பல்லு வலியா?"

"யோசிச்சுப் பாருங்க அண்ணே. பதினோரு நாளா அடைமழை. வெள்ளி பதிச்ச பழைய இரும்பு. எடுத்தவனுக்கு அதோட மதிப்புத் தெரியும்னா எண்ணெய் இல்லாம வச்சிருப்பானா? வீட்டில இருந்த பாட்டில் காலி. எடுத்தவன் புதுசா வாங்கித்தான் ஆகணும். சபிதாவும் நேத்து அதைத்தான் சொன்னா. எண்ணெய் போடாட்டா கத்தி கெட்டுப்போயிரும்னு மூணு தடவை சொன்னா."

"எனக்கும் கேட்டுது. தன் தலை போகும்போது கத்திக்குத் துரு பிடிக்குமேன்னு கவலைப்பட்ட பொம்பளைய நேத்துதான் பாத்தேன்."

கோட்டாற்றுத் தெருவில் காருக்கும் கைவண்டிக்கும் நடுவே ஒரு முழம் இடம் கிடைக்க ததேயுஸ் கால் மணி நேரம் ஹாரன் அடித்தார். நாட்டு மருந்துக் கடையில் கிருஷ்ணமணி, தராசுக்குப் பின்னால் சுக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். சுத்தமான கிராம்பெண்ணெய் அவரிடம்தான் கிடைக்கும். மாறாமலைக் கிராம்பில் வடித்தது.

"பத்து நாளுக்குள்ள வாங்கினவங்களா? பல்லுவலிக்காரங்க வந்து இத்தினிக்காணும் குப்பியில வாங்கிட்டுப் போவாங்க. அதுல என்னத்த சொல்ல?"

"பெரிய பாட்டிலா யாராவது?"

கிருஷ்ணமணி யோசித்தார். "ஒரு ஆளு உண்டு. போன வெள்ளிக்கிழமை. அரை லிட்டர். பல்லு வலிக்குன்னு சொன்னாரு."

"அரை லிட்டரா?" என்றார் ததேயுஸ். "ஆனைக்கா பல்லு வலி?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வாங்கச் சொன்னாங்க, வாங்குகேன்'ன்னாரு. ஆட்டோக்காரரு."

"ஆன்றோ அனுப்பின ஆளா இருக்குமா?" என்று ஜெனிலா கேட்டாள்.

கிருஷ்ணமணி கையை உதறினார். "ஆன்றோவா? அவன் தையல் மெஷின் எண்ணெயத்தான் கத்திக்கும் போடுவான், விளக்குக்கும் போடுவான். கத்திக்குக் கிராம்பெண்ணெய் போடுற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருதான். இரணியல் ஜெபசீலன் சாரு. அவருக்கு வாங்க ஒரு பொம்பளப் பிள்ளைதான் வரும். இந்த மாசம் அதைக் காணல." பிறகு ஞாபகம் வந்தவராக, "அந்த ஆட்டோவுல இரணியல் ஸ்டேஷன் ஸ்டாண்டுன்னு எழுதியிருந்துது. பிபின்னு பேரு எழுதியிருந்துது."

ததேயுஸ் ஃபோனை எடுத்தார். அவருக்கு எந்த ஸ்டாண்டிலும் ஒரு மச்சான் உண்டு. இரண்டு அழைப்பில் பிபின் கிடைத்தார். ததேயுஸ் ஸ்பீக்கரைப் போட்டார்.

"மக்கா, போன வெள்ளி கோட்டாத்துல கிராம்பெண்ணெய் வாங்கினியா?"

"வாங்கினேன். ஏன், பில்லு தப்பா போச்சா?"

"யாருக்கு?"

"நம்ம ஜெபசீலன் சாருக்கு. பாவம், ஒத்தையில கிடக்காரு. பல்லு வலியில தூங்கவே இல்லன்னாரு."

தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து கத்தியது. ததேயுஸ் ஃபோனைக் கீழே இறக்கினார்.

"ஒரு பல்லு கூட இல்லாத மனுஷனுக்கு," என்றாள் ஜெனிலா மெதுவாக, "எங்க அண்ணே வலிச்சிருக்கும்?"

*

மணி ஒன்றரைக்கு அவர்கள் மறுபடி வந்து நின்றபோது, சார் கதவை உடனே திறந்தார். ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

"வந்தாச்சா! நான் நினைச்சேன், நீங்க திரும்பி வருவீங்கன்னு. அந்த இலைய பத்திச் சொல்லாமலே..."

"சார், பல்லுவலி தேவலையா?"

அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய கூடத்தில் அவர் மிகச் சின்னவராகத் தெரிந்தார்.



"துருப்பிடிக்க விட முடியுமா மக்ளே?" என்றார். "முந்நூத்தம்பது வருஷம் ஒருத்தரும் துருப்பிடிக்க விடல. நானா விடுவேன்? சனிக்கிழமை வந்துது. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

எழுந்துபோய் மனைவியின் அறைக் கதவைத் தள்ளினார். கிராம்பின் வாசம் கூடத்துக்குள் வந்து நிறைந்தது. பீரோவைத் திறந்து, ஜாஸ்பினின் வெள்ளைக் கல்யாணப் புடவையில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து வந்தார். அவிழ்த்தார். மங்கிய பகல் வெளிச்சத்தில் தந்தப் பிடி பாலாடை நிறத்தில் மின்னியது. வெள்ளிக் கொடியில் ஒரு புள்ளி கறுப்பு இல்லை. புடவையில் மட்டும் எண்ணெய்க் கறை படர்ந்திருந்தது.

"சபிதா இந்த பீரோவ தொடமாட்டா. அம்மா சாமான்னு சொல்லுவா."

"ஏன் சார்?" ஜெனிலாவால் கோபப்பட முடியவில்லை, கோபப்படாமலும் இருக்க முடியவில்லை. "அவ ஜெயிலுக்குப் போயிருந்தா?"

"இல்ல! அப்படி விட்டிருக்க மாட்டேன். ஏசுவாணை விட்டிருக்க மாட்டேன். ஒரு மாசம் தள்ளிப் போகும்னு நினைச்சேன். கிறிஸ்துமஸ் வரைக்கும். போன வருஷம் நட்சத்திரம் கட்டினது அவதான். எம் மவன் வீடியோவுல பாத்துட்டு 'நல்லாருக்கு டாடி'ன்னு சொன்னான்." சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். "டிக்கெட்டு வந்த அன்னைக்கு அவ சிரிச்சிட்டே சொல்லுகா, 'சார், இனி வேற ஆளு பாத்துக்கிடுங்க'ன்னு. நானும் சிரிச்சேன். ராத்திரி புழுங்கிப் புழுங்கிக் கிடந்தேன். காலையில போயி எழுதிக் குடுத்துட்டேன்."

ததேயுஸ் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றுகொண்டார்.

"போகாதேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..." என்று தொடங்கிய ஜெனிலா நிறுத்திக்கொண்டாள். போகாதே என்று சொல்ல இவருக்கு என்ன உறவு? தனக்கும்தான் யாரிடம் அப்படிச் சொல்ல வாய்த்தது?

"தாள் எடுங்க சார். மணி ரெண்டாகப் போவுது."

அவர் எழுதினார். 'ஞாபகமறதியாக வைத்துவிட்டேன்' என்று எழுதிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை அடித்துவிட்டு, தலைமையாசிரியராக இருந்த காலத்துக் குண்டு எழுத்தில் எழுதினார்: 'கத்தியை மறைத்து வைத்தவன் நானே. சபிதா குற்றமற்றவள். தண்டனை எதுவானாலும் எனக்குரியது.'

"அவளுக்குத் தெரியாம முடிக்க முடியுமா மக்ளே? காணாமப் போச்சு, கிடைச்சுதுன்னு மட்டும் சொல்லி..."

"பார்க்கிறேன் சார்."

*

ஸ்டேஷனில் கிழவரைக் கொஞ்சம் திட்டினார்கள், கொஞ்சம் உபதேசம் செய்தார்கள், ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். நாலே முக்காலுக்குத் தாள் ஏஜென்சிக்காரர் கையில் இருந்தது. சாரை வீட்டில் இறக்கிவிட்டு, காரிலிருந்தே ஜெனிலா சபிதாவை அழைத்தாள்.

"கத்தி கிடைச்சுது சபிதா. தாள் குடுத்தாச்சு. நீ வெள்ளிக்கிழமை போகலாம்."

அந்தப் பக்கம் கடல் இரைந்தது. பிறகு சபிதா கேட்டாள்: "அம்மா பீரோவுலதானா அக்கா?"

ஜெனிலா ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "உனக்குத் தெரியுமா?"

"சாரு வீட்டுல கிடந்த என் உடுப்ப எடுக்கப் போன அன்னைக்கே தெரியும். கதவிடுக்குல கிராம்பு மணம். எனக்குத் தெரியாத மணமா?"

"பின்ன ஏன்டீ சொல்லல? போலீஸ்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமே!"

"நான் எப்படிக்கா சொல்லுவேன்? ஆறு வருஷம் ஒரு கடுஞ்சொல்லு சொல்லாத மனுஷன். நான் வாயத் தொறந்து சொன்னா, அதுக்கப்புறம் அவரால என் முகத்துல முழிக்க முடியுமா? நாளைக்குப் போய் சொல்லிட்டுக் கிளம்பணும்லா. வெளி ஆளு கண்டுபிடிச்சதா இருக்கட்டும்னுதான்..."

அதனால்தான் எண்ணெயைப் பற்றி மூன்று தடவை. தானே பிடித்ததாக ஜெனிலா நினைத்திருந்த நூலின் நுனியை, புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டே அவள் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் சபிதா.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"முதல் சனிக்கிழமை மட்டும் யாராவது அங்கோடி போனா நல்லாருக்கும். துணிய நனைச்சுக் குடுத்தா போதும், மத்தத அவரு செய்வாரு. உறைய மட்டும் நீங்க துடைக்கணும், அவருக்கு விரல் நடுங்கும். எழுத்தாணிய உருவி வச்சிட்டுத் துடைங்க. பேசிட்டே இருப்பாரு. பிடியில உள்ள இலைய பத்தி ஒரு கதை உண்டு. தெரியாத மாதிரி கேட்டுக்கிடுங்க."

வரும் சனிக்கிழமைகளை ஜெனிலா மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். எதிலும் அவளுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஃபோனை வைத்ததும் ததேயுஸ் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "ஆக, நம்மள வச்சு ஒரு பொம்பள கேஸ் நடத்திட்டுப் போயிட்டா. மேடம், நம்ம போர்டுல துப்பறியும்ங்கிறத அழிச்சிட்டு, தூது போறதுன்னு எழுதிருவோமா?"

"கோட்டாறு வழியா விடுங்க அண்ணே."

"வீட்டுக்கு அது சுத்துல்லா!"

"விடுங்க."

மழை விட்டிருந்தது. கிருஷ்ணமணி கடையில் விளக்குப் போட்டிருந்தார். அரை லிட்டர் கிராம்பெண்ணெய் என்று கேட்டதும், தராசுக்கு மேலாக அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதென்ன, இந்த மாசம் எல்லாருக்கும் வருகு! இது யாருக்கும்மா பல்லு வலி?"

ஜெனிலா பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்த்தாள்.

"எனக்குத்தான்," என்றாள்.